எழும்பிய லெப்டொப்பும் எழும்பாத வைஃபையும்



உங்கள் வீட்டு அலுமாரிக்குள் பழைய லெப்டொப் ஒன்று தூங்கிக் கொண்டிருக்கிறதா? "விண்டோஸ் எழும்புதில்ல" என்றோ, "இனி இதற்குப் புதிய விண்டோஸ் போட முடியாதாம்" என்றோ சொல்லி அதனை ஒதுக்கி வைத்திருக்கிறீர்களா? அப்படியாயின் இம்மாதப் பகுதி உங்களுக்குத்தான்.

2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 இற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் முடித்துக் கொண்டது. அதற்கடுத்த விண்டோஸ் 11 ஐ ஏற்றுக் கொள்ளும் தகுதி பல பழைய கணனிகளுக்கு இல்லை. ஆகவே இறுவட்டிலிருந்தோ பென் டிரைவிலிருந்தோ நேரடியாக எழும்பும் லினக்ஸைப் பற்றி இப்போது பலரும் விசாரிக்கிறார்கள். விசாரிப்பவர்களில் பாதிப்பேர் பிறகு கொண்டு வரும் முறைப்பாடு ஒன்றேதான்: "எல்லாம் வருகிறது, வைஃபை மட்டும் வரவில்லை."

அந்த ஒரு முறைப்பாட்டை இம்மாதம் எடுத்துக் கொள்வோம். எங்கள் ஒழுங்கையில் நடந்த ஒரு சம்பவத்தோடு தொடங்குகிறேன்.

இரவு பன்னிரண்டு மணிக்கு முன்பு

தையல் வேலை செய்து பிள்ளைகளைப் படிக்க வைக்கும் சகோதரி ஒருவர், ஒருநாள் மாலையில் தன் மகனையும் கூட்டிக் கொண்டு வீட்டுக்கு வந்தார். மகனின் கையில் லெப்டொப்.

"நாநா, இது காலையிலிருந்து எழும்புதில்ல. மகன்ட விண்ணப்பம் இண்டைக்கு ராவு பன்னிரண்டு மணியோட முடியுது. சேட்டிபிக்கட் எல்லாம் இதுக்குள்ளதான் கிடக்கு. என்ட தையல் கணக்கும் இதுக்குள்ளதான்" என்றார்.

இணையத்தில் நிரப்ப வேண்டிய விண்ணப்பம். ஐந்து ஆவணங்களை அதில் ஏற்ற வேண்டும். ஃபோனில் முயன்று பார்த்திருக்கிறார்கள். பாதியில் நின்று விட்டதாம்.

என்னிடமிருந்த லினக்ஸ் பென் டிரைவைப் போட்டு லெப்டொப்பை எழுப்பினேன். இரண்டு மூன்று நிமிடங்களில் திரை வந்தது. பழைய வன்தட்டைத் திறந்து பார்த்தால் சேட்டிபிக்கட்டுகளும் தையல் கணக்கும் அப்படியே இருந்தன. முதல் வேலையாக அவற்றை வேறொரு பென் டிரைவில் பிரதி செய்து அந்தச் சகோதரியின் கையிலேயே கொடுத்தேன். எழும்பாத கணனி ஒன்று உங்கள் கைக்கு வந்தால் எப்போதும் இதுவே முதல் வேலையாக இருக்கட்டும். வைஃபை காத்திருக்கும். பழுதாகிக் கொண்டிருக்கும் வன்தட்டு காத்திருக்காது.

பிறகு வைஃபை அடையாளத்தைத் தேடினேன். திரையின் மூலையில் அது இருக்கவேயில்லை.

"மாமா, லினக்ஸுக்கு வைஃபை வேல செய்யாதாம். பொடியன்மார் சொல்ற" என்றான் மகன்.

அவன் சொன்னதில் ஒரு பங்கு உண்மை உண்டு, மீதி தவறு. அந்த ஒரு பங்கு உண்மை என்னவென்று தெரிந்தால்தான் மருந்தும் தெரியும்.

கலியாண வீட்டுப் பண்டாரி

முதலில் இந்த 'லைவ் சிடி' என்பது என்ன என்று பார்ப்போம்.

வழக்கமாக ஒரு கணனியின் இயங்குதளம் அதன் வன்தட்டில் குடியிருக்கும். லைவ் சிடியோ வன்தட்டைத் தொடுவதில்லை. கலியாண வீட்டுக்கு வரும் பண்டாரியைப் போல, சட்டி பானையிலிருந்து அகப்பை வரை எல்லாவற்றையும் தானே கொண்டு வந்து, உங்கள் அடுப்பை மட்டும் பாவித்துச் சமைத்து விட்டுப் போகிறது. கணனியின் தற்காலிக நினைவகமான 'ரெம்' தான் அந்த அடுப்பு. கணனியை அணைத்தவுடன் எல்லாம் துடைக்கப்பட்டு விடும். இந்தக் கடைசி வசனத்தை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்த முறையை உலகெங்கும் பிரபலப்படுத்தியவர் ஜெர்மனியைச் சேர்ந்த கிளவுஸ் க்னொப்பர். அவர் 2000 ஆம் ஆண்டில் 'க்னொப்பிக்ஸ்' என்ற தொகுப்பை வெளியிட்டார். அதற்கு முன்பும் சில முயற்சிகள் இருந்தன. ஆயினும் 700 மெகாபைட் மாத்திரமே கொள்ளும் ஓர் இறுவட்டில், சுருக்கிக் கட்டும் முறையால் ஏறத்தாழ 2 ஜிகாபைட் மென்பொருள்களை அடக்கியதும், முன்பின் பார்த்திராத கணனியின் பாகங்களைத் தானாகவே இனங்கண்டு கொண்டதும் க்னொப்பிக்ஸின் சிறப்பு. 2004 இல் உபுண்டு வந்தது. 2005 முதல் 2011 வரை, கேட்டவர்களின் முகவரிக்கு அது இறுவட்டுக்களை இலவசமாகவே தபாலில் அனுப்பி வைத்தது.

இன்று உபுண்டுவின் தொகுப்பு 5 ஜிகாபைட்டைத் தாண்டி விட்டது. இறுவட்டில் மாத்திரமல்ல, சாதாரண டிவிடியிலும் அது அடங்காது. ஆகவே 8 ஜிகாபைட் பென் டிரைவ் ஒன்றில்தான் எழுதிக் கொள்கிறோம். ஆனாலும் 'லைவ் சிடி' என்ற பழைய பெயர் போகவில்லை.

பொபின் இல்லாத தையல் மெஷின்

பாகங்களைத் தானாகவே இனங்கண்டு கொள்ளும் லினக்ஸுக்கு வைஃபை மட்டும் ஏன் கைக்கெட்டாமல் போகிறது?

லெப்டொப்பிற்குள் இருக்கும் வைஃபை கார்ட் வெறும் கம்பியும் சிப்பும் அல்ல. அது தன்னளவில் ஒரு குட்டிக் கணனி. அதற்கென ஒரு சிறு மூளையும் சிறு நினைவகமும் உண்டு. அந்த மூளைக்கு ஒரு மென்பொருள் வேண்டும். அதைத்தான் 'ஃபர்ம்வெயார்' என்கிறார்கள். செலவைக் குறைப்பதற்காக, அநேக உற்பத்தியாளர்கள் இந்த ஃபர்ம்வெயாரைக் கார்டுக்குள்ளேயே நிரந்தரமாகப் பதித்து வைப்பதில்லை. ஒவ்வொரு முறையும் மின்சாரம் வந்தவுடன் இயங்குதளம்தான் அதனைக் கார்டுக்குள் ஊட்டிவிட வேண்டும்.

அந்தத் தையல்காரச் சகோதரிக்கு இதைப் பின்வருமாறு விளங்கப்படுத்தினேன்: மெஷின் இருக்கிறது, அதுதான் கார்ட். தைக்கத் தெரிந்த ஆளும் இருக்கிறார். அவர்தான் 'டிரைவர்' எனப்படும் இயக்கி. ஆனால் அடியில் பொபின் இல்லை. ஊசி மேலும் கீழும் போகும், தையல் விழாது. அந்தப் பொபின்தான் ஃபர்ம்வெயார்.

விண்டோஸ் பாவிக்கும்போது இந்தச் சிக்கல் நமக்குத் தெரிவதில்லை. உற்பத்தியாளரே டிரைவரையும் ஃபர்ம்வெயாரையும் ஒரே பொதியாகத் தந்து விடுகிறார். லினக்ஸில் டிரைவர் திறந்த மூலம். யாரும் பிரதி செய்து விநியோகிக்கலாம். ஃபர்ம்வெயாரோ அந்தந்தக் கம்பனியின் சொத்து. விநியோகிப்பதற்கு அவர்களின் அனுமதி வேண்டும். இன்டெல் போன்ற கம்பனிகள் அனுமதி கொடுத்தன. எல்லோரும் கொடுக்கவில்லை. அனுமதி இல்லாததை வட்டில் சேர்த்தால் அது சட்டத்துக்கு முரணாகி விடும் அல்லவா?

இதற்குப் பிரசித்தமான உதாரணம் புரோட்கொம் கம்பனியின் சிப்கள். 2000 களில் வந்த ஏராளமான லெப்டொப்களில் இவை இருந்தன. லினக்ஸுக்கான விபரங்களோ வெளியிடப்பட்டிருக்கவில்லை. ஆகவே தொண்டர்கள் ஒரு வேலை செய்தார்கள். ஒரு குழுவினர் அந்தக் கம்பனியின் டிரைவர் சிப்போடு எப்படிப் பேசுகிறது என்று ஆராய்ந்து விபரக் குறிப்பு மட்டும் எழுதினார்கள். இன்னொரு குழுவினர் அந்தக் குறிப்பை மட்டும் பார்த்துப் புதிதாக ஒரு டிரைவரை எழுதினார்கள். யாருடைய மூல எழுத்தையும் களவாடவில்லை என்று நிரூபிப்பதற்காகவே இந்த இரண்டு குழு ஏற்பாடு. அந்த டிரைவர் 2006 இல் லினக்ஸின் கருவோடு சேர்க்கப்பட்டது.

அப்போதும் பொபின் கிடைக்கவில்லை. பாவனையாளர் ஒவ்வொருவரும் விண்டோஸ் டிரைவர் கோப்பிலிருந்து ஃபர்ம்வெயாரை வெட்டியெடுக்க வேண்டியிருந்தது. அதற்கென்றே ஒரு சிறு மென்பொருளும் இருந்தது. 2010 செப்டெம்பரில் புரோட்கொம் கம்பனியே தன் புதிய சிப்களுக்கான திறந்த மூல டிரைவரை வெளியிட்டது. ஆனாலும் பழைய சிப்கள் சிலவற்றுக்கு இன்றும் ஃபர்ம்வெயாரைத் தனியாகத்தான் பெற வேண்டும்.

டெபியன் லினக்ஸின் கதையும் இதோடு சேர்ந்ததே. முழுக்கத் திறந்த மூலமல்லாத எதையும் அதிகாரபூர்வ வட்டில் வைப்பதில்லை என்ற கொள்கையில் அது நீண்ட காலம் உறுதியாக நின்றது. 2022 இல் அதன் உறுப்பினர்கள் வாக்கெடுப்பு நடத்தி, ஃபர்ம்வெயாரை மட்டும் சேர்த்துக் கொள்வதென முடிவு செய்தார்கள். 2023 யூனில் வெளிவந்த டெபியன் 12 முதல் அது அமுலில் இருக்கிறது. ஆகவே உங்களிடம் இருப்பது அதற்கு முந்திய டெபியன் வட்டு என்றால், பல மணித்தியாலம் அதோடு போராட வேண்டாம். புதியதொன்றை எழுதிக் கொள்ளுங்கள். பாதிப்பேரின் முறைப்பாடு அத்தோடு தீர்ந்து விடும்.

வரிசையாகப் பாருங்கள்

வைஃபை வராதபோது கண்டதையெல்லாம் அழுத்திப் பார்ப்பதால் குழப்பம்தான் கூடும். பின்வரும் வரிசையில் பாருங்கள்.

முதலாவது, ஆளி. பழைய லெப்டொப்களின் ஓரத்திலோ முன்புறத்திலோ வைஃபைக்கென ஒரு சிறு ஆளி இருக்கும். சிலவற்றில் அன்டெனா படம் போட்ட விசையொன்று மேல் வரிசையில் இருக்கும். சந்தேகமென்றால் 'டெர்மினல்' எனும் கறுப்புச் சாளரத்தைத் திறந்து, ஆர், எஃப், கே, ஐ, எல், எல் என்ற ஆறு ஆங்கிலச் சிற்றெழுத்துக்களைச் சேர்த்து அடித்து, இடைவெளி விட்டு 'லிஸ்ட்' என்ற சொல்லையும் ஆங்கிலத்தில் அடியுங்கள். 'சொஃப்ட்', 'ஹாட்' என இருவகைத் தடைகளும் ஆம், இல்லை என்று காட்டப்படும். 'சொஃப்ட்' தடையை மென்பொருளாலேயே நீக்கலாம். 'லிஸ்ட்' என்பதற்குப் பதிலாக 'அன்புளொக் ஓல்' என்ற இரு சொற்களையும் அடித்தால் போதும். 'ஹாட்' தடையென்றால் கையால் ஆளியைப் போட்டால்தான் உண்டு. அதற்கு மென்பொருளில் மருந்து தேட வேண்டாம்.

இரண்டாவது, விண்டோஸின் அரைத் தூக்கம். அதே கணனியில் விண்டோஸும் இயங்குகிறதென்றால், 'ஷட் டவுன்' கொடுத்தாலும் அது சில வேளை முழுமையாக அணைவதில்லை; விரைவில் எழும்புவதற்காக அரைத் தூக்கத்தில் கிடக்கும். அந்நிலையில் வைஃபை கார்டும் குழம்பி நிற்கலாம். 'ஷிஃப்ட்' விசையை அழுத்திப் பிடித்துக் கொண்டு 'ஷட் டவுன்' கொடுத்தால் முழுமையாக அணையும். பிறகு லினக்ஸை எழுப்புங்கள்.

மூன்றாவது, கார்ட் கண்ணுக்குத் தெரிகிறதா? டெர்மினலில் எல், எஸ், பி, சி, ஐ என்ற ஐந்து எழுத்துக்களை அடியுங்கள். கணனிக்குள் இருக்கும் பாகங்களின் பட்டியல் வரும். அதில் 'நெட்வேர்க் கன்ட்ரோலர்' என்ற வரியைத் தேடி, கம்பனியின் பெயரையும் மாதிரி இலக்கத்தையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கொள்ளுங்கள். யாரிடமாவது உதவி கேட்பதானால், "என் லெப்டொப் இன்ன மொடல்" என்பதை விட இந்த இலக்கத்தைச் சொல்வதே பயன் தரும். ஏனெனில் ஒரே மொடல் லெப்டொப்பிலும் வெவ்வேறு கார்டுகள் பொருத்தப்பட்டிருக்கலாம்.

நான்காவது, பொபின் இருக்கிறதா? சூடோ என்ற சொல்லை (எஸ், யூ, டி, ஓ) அடித்து, இடைவெளி விட்டு டி, எம், ஈ, எஸ், ஜி என்று அடியுங்கள். லினக்ஸ் எழும்பும்போது தனக்குள் எழுதிக் கொண்ட நாட்குறிப்பு நீளமாக ஓடும். அதில் 'ஃபர்ம்வெயார்' என்ற சொல்லோடு 'ஃபெயில்ட்' என்ற சொல்லும் சேர்ந்து வந்தால் காரணம் பிடிபட்டு விட்டது என்று பொருள்.

அந்தச் சகோதரியின் லெப்டொப்பில் ஆளி சரியாக இருந்தது. கார்டும் பட்டியலில் தெரிந்தது. நாட்குறிப்பில் மேற்படி இரண்டு சொற்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மணி அப்போது ஒன்பதே முக்கால்.

மாவரைக்கும் கதை

"அப்ப அந்த ஃபர்ம்வெயாரை இன்டர்நெட்ல எடுத்துப் போடுவமே மாமா" என்றான் மகன்.

"எடுக்கலாம் மகன். ஆனா இன்டர்நெட்டுக்குப் போக வைஃபை வேணுமே" என்றேன்.

தாய் சிரித்து விட்டார். "மா அரைக்க மெஷினுக்குப் போகோணும். மெஷின் வாங்க மா விக்கோணும். அந்தக் கதைதான்" என்றார்.

இந்த இடத்தில்தான் பலர் கைவிட்டு விடுகிறார்கள். ஆனால் வழியோ அநேகமாக எல்லோருடைய சட்டைப் பையிலும் இருக்கிறது. அதுதான் அண்ட்ரொயிட் ஃபோன்.

ஃபோனைச் சார்ஜ் செய்யும் யூஎஸ்பி கம்பியால் லெப்டொப்போடு இணையுங்கள். ஃபோனின் 'செட்டிங்ஸ்' பகுதியில் 'ஹொட்ஸ்பொட்', 'டெதரிங்' என்று எழுதப்பட்ட இடத்துக்குப் போய் 'யூஎஸ்பி டெதரிங்' என்பதை இயக்குங்கள். சில விநாடிகளில் லினக்ஸ் அதனைக் கம்பி வழி இணைப்பாக ஏற்றுக் கொள்ளும். டிரைவரும் வேண்டாம், பாஸ்வேர்டும் வேண்டாம். ஏனெனில் இதற்குத் தேவையான டிரைவர் லினக்ஸின் கருவிலேயே உண்டு. ஃபர்ம்வெயார் எதுவும் தேவைப்படுவதில்லை.

இதில் இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். ஒன்று, சில மலிவான கம்பிகள் சார்ஜ் மட்டும் ஏற்றும், தகவலைக் கடத்தாது. ஃபோனோடு வந்த கம்பியையே பாவியுங்கள். மற்றது, ஃபோனை முதலில் வீட்டு வைஃபையோடு இணைத்து வையுங்கள். அநேகமான அண்ட்ரொயிட் ஃபோன்கள் அந்த வைஃபையையே கம்பி வழியாக லெப்டொப்புக்குக் கொடுக்கும். உங்கள் டேட்டா செலவாகாது.

நாங்கள் அதைத்தான் செய்தோம். ஃபர்ம்வெயாரை அப்போது தேடவில்லை. விண்ணப்பத்தைத்தான் முதலில் திறந்தோம். மகன் ஒவ்வொன்றாக ஆவணங்களை ஏற்றினான். தாய் பக்கத்தில் நின்று பெயரின் எழுத்துக்களைச் சரி பார்த்தார். பத்தரை மணியளவில், விண்ணப்பம் கிடைத்ததற்கான இலக்கம் திரையில் வந்தது. அந்தச் சகோதரி அந்த இலக்கத்தைத் தன் ஃபோனால் படம் பிடித்து, நம்பிக்கையில்லாமல் ஒரு காகிதத்திலும் எழுதிக் கொண்டார்.

"மீண்டும் ஆரம்பிக்கவா?" என்று கேட்டால்

அதன் பிறகுதான் வைஃபைக்குத் திரும்பினோம். உபுண்டுவில் 'அடிஷனல் டிரைவர்ஸ்' என்றும், லினக்ஸ் மின்டில் 'டிரைவர் மேனேஜர்' என்றும் ஒரு கருவி இருக்கிறது. இணைய இணைப்பு இருக்கும்போது அதனைத் திறந்தால், கார்டுக்குப் பொருத்தமானது எதுவென்று அதுவே தேடிச் சொல்லும். தெரிவு செய்து ஏற்றிக் கொள்ளலாம்.

ஏற்றி முடிந்ததும் சில வேளை, "கணனியை மீண்டும் ஆரம்பிக்க வேண்டும்" என்று ஒரு செய்தி வரும். வன்தட்டில் நிறுவிய லினக்ஸுக்கு அது சரி. லைவ் சிடியில் அதற்கு ஆம் என்று சொன்னால், ஏற்றியது முழுவதும் அந்தக் கணமே அழிந்து விடும். பண்டாரியின் கதையை நினைத்துக் கொள்ளுங்கள். கணனியை மீண்டும் ஆரம்பிக்காமல், அந்த ஒரு டிரைவரை மட்டும் இறக்கி மீண்டும் ஏற்ற வேண்டும். 'மொட்புரோப்' என்ற கட்டளை இதற்காகவே உள்ளது. யூஎஸ்பியில் செருகும் வைஃபை டொங்கிள் என்றால் இன்னும் இலகு: கழற்றி விட்டு மீண்டும் செருகினால் போதும்.

அன்றிரவு அப்படியே செய்தோம். மூலையில் வைஃபை அடையாளம் வந்தது. தாயும் மகனும் சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் காலையில் மகன் ஓடி வந்தான். "மாமா, வைஃபை திரும்பவும் போயிட்டு!"

நான் சொல்ல மறந்த விடயம் அது. வீட்டுக்குப் போய் லெப்டொப்பை அணைத்திருக்கிறான். ஏற்றிய ஃபர்ம்வெயார், கொடுத்த பாஸ்வேர்ட் எல்லாம் அணைத்ததோடு போய் விட்டன. பழுது ஒன்றுமில்லை, லைவ் சிடியின் இயல்பே அதுதான்.

இதற்கும் ஒரு வழியுண்டு. பென் டிரைவில் லினக்ஸை எழுதும்போதே, அதன் ஒரு பகுதியை நிலையான சேமிப்புக்கென ஒதுக்கி விடலாம். 'ரூஃபஸ்' என்ற எழுதும் கருவியில் 'பெர்சிஸ்டன்ட்' என்ற பெயரில் இந்த வசதி இருக்கிறது. உபுண்டு, டெபியன் ஆகியவற்றுக்கு அது பொருந்தும். 16 ஜிகாபைட் பென் டிரைவ் ஒன்று இதற்குத் தாராளம். அதன்பின் ஃபர்ம்வெயாரும் பாஸ்வேர்டும் அணைத்த பிறகும் நிலைத்திருக்கும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. அப்படிச் சேமித்த வைஃபை பாஸ்வேர்ட் அந்தப் பென் டிரைவுக்குள் பூட்டுப் போடாமல்தான் கிடக்கும். விபரம் தெரிந்த ஒருவரின் கையில் அது அகப்பட்டால் வாசித்து விடலாம். ஆகவே அதனை வீட்டுத் திறப்பைப் போலப் பாதுகாத்துக் கொள்ளுங்கள். மற்றவர் வீட்டுக் கணனியில் வேலை செய்வதானால், ஒன்றையும் சேமிக்காத சாதாரண லைவ் சிடியே நல்லது. அவர்களின் பாஸ்வேர்டை நீங்கள் கொண்டு போவதுமில்லை. உங்களின் சுவடு அங்கே தங்குவதுமில்லை.

அடையாளம் வந்தும் இணையாவிட்டால்

வைஃபை அடையாளம் வருகிறது, ஆனால் வீட்டு ரவுட்டரின் பெயர் வரவில்லை, அல்லது இணைய மறுக்கிறது என்போருக்குச் சில குறிப்புகள்.

பழைய கார்டுகள் பல 2.4 ஜிகாஹேட்ஸ் அலைவரிசையை மாத்திரமே கேட்கும். ரவுட்டர் 5 ஜிகாஹேட்ஸில் மாத்திரம் ஒலிபரப்பினால் அவற்றுக்கு அது தெரியாது. ரவுட்டரில் இரண்டையும் இயக்கி வையுங்கள்.

ரவுட்டர் 12 அல்லது 13 ஆம் சனலில் இருந்தாலும் சில கணனிகள் அதனைக் காண்பதில்லை. நாட்டுக்கு நாடு அனுமதிக்கப்பட்ட சனல்கள் வேறுபடுவதே காரணம். 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றுக்கு மாற்றிப் பாருங்கள்.

புதிய ரவுட்டரில் பாதுகாப்பு முறை 'டபிள்யூபிஏ 3' என்று மட்டும் இருந்தால் பழைய கார்ட் சேராது. இரண்டும் மூன்றும் கலந்த தெரிவைக் கொடுங்கள்.

பாஸ்வேர்ட் சரியாக இருந்தும் ஏற்கவில்லையென்றால் விசைப்பலகையைச் சந்தேகியுங்கள். லைவ் சிடி சில வேளை வேறொரு நாட்டு விசை அமைப்போடு எழும்பும். பாஸ்வேர்டில் உள்ள குறியீடுகள் மாறி விழலாம். ஒரு வெற்றுக் கோப்பில் பாஸ்வேர்டை அடித்துக் கண்ணால் பார்த்து விட்டுக் கொடுங்கள். பார்த்ததும் அழித்து விடுங்கள்.

கடைசியாக, வைஃபை இணைந்து விட்டது, ஆனால் எந்த இணையத்தளமும் "பாதுகாப்பற்றது" என்று சொல்லித் திறக்க மறுக்கிறதென்றால், மூலையிலுள்ள திகதியைப் பாருங்கள். பழைய லெப்டொப்பின் உட்கடிகார பெட்டரி செத்துப் போயிருந்தால் அது பல வருடங்கள் பின்னால் நிற்கும். இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றுகளுக்குக் கால எல்லை இருப்பதால், தவறான திகதியோடு அவை ஒத்துப் போவதில்லை. திகதியைத் திருத்தினால் சரியாகி விடும்.

அந்தச் சகோதரியின் வன்தட்டைப் பிறகு பரிசோதித்தேன். அதன் ஆயுள் முடியும் தறுவாயில் இருந்தது. மாற்றும் வரை மூன்று வாரங்கள் அந்தப் பென் டிரைவிலேயே வீட்டு வேலைகள் நடந்தன. அங்கு ஒருநாள் போனபோது, லெப்டொப்பின் மூடியின் உட்புறத்தில் ஒரு பிஸ்கட் பெட்டியின் அட்டைத் துண்டு ஒட்டப்பட்டிருந்தது. மகனின் கையெழுத்தில் ஐந்து வரிகள்: 'முதல்ல கொப்பி எடு. ஆளியைப் பார். கார்டைப் பார். ஃபர்ம்வெயாரைப் பார். ஒண்டும் சரி வராட்டி ஃபோன் கம்பி.'

"போன கிழமை இவன்ட கூட்டாளிட லெப்டொப்பையும் இவனே பார்த்துக் கொடுத்தானே நாநா" என்றார் தாய், தையல் மெஷினில் பொபினை மாற்றியபடி.

அடுத்த இதழில், ஆயுள் முடியும் வன்தட்டு முன்கூட்டியே காட்டும் அடையாளங்களைப் பற்றிப் பார்ப்போம். அதற்கிடையில் அலுமாரியில் கிடக்கும் அந்தப் பழைய லெப்டொப்பை ஒருமுறை வெளியே எடுத்துப் பாருங்கள்.